நெட் இல்லாமலும் ஓடும் கன்சோல்: டிவிக்கு அடியில் ஒரு பிசி, பழைய டிஸ்குகளோடு

பெட்டி வேலை செய்கிறது. கன்ட்ரோலர் பட்டனை அழுத்தினால் விழிக்கிறது, நேராகக் கேம் பட்டியலுக்குப் போகிறது, நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டாலும் பட்டியலில் பெரும்பகுதி ஓடுகிறது. இந்த மூன்றில் கடைசியானதுதான் நேரத்தைத் தின்றது. ஆகவே ஹார்டுவேரைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, பழைய கன்சோல், பிசி டிஸ்குகளைக் கோப்புகளாக்கிப் பெட்டிக்குள் ஏற்றிய கதையில் கூடுதலாக நிற்கப் போகிறேன்.

நெட் இல்லாத சோதனை எதற்கு? டிஸ்க் அலமாரியில் இருந்தால் கேம் நம்முடையது என்ற பழைய கணக்கு இப்போது செல்லாது. 'தி க்ரூ' கேமின் சர்வர்களை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31-இல் அணைத்தபோது, டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் அது திறக்கவில்லை. 2015-இல் பிசிக்கு வந்த 'மெட்டல் கியர் சாலிட் 5' டிஸ்கில் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையின் நிறுவி மட்டும்தான் இருந்தது. கேம் முழுவதையும் டவுன்லோடு செய்ய வேண்டும். நின்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கு வரும் 'கேம்-கீ கார்டு' வகையும் அப்படித்தான், கார்டுக்குள் சாவி உண்டு, கேம் கிடையாது. பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) ப்ரோ டிஸ்க் டிரைவே இல்லாமல் வந்தது. எனவே டிஸ்க்கா டிஜிட்டலா என்று பிரித்துப் பார்ப்பதில் பயனில்லை. கேபிளைப் பிடுங்கிய பிறகும் எது ஓடுகிறதோ அதுதான் சொந்தம். இந்தப் பெட்டிக்கு அதுவே அளவுகோல்.

பாகங்கள்

மினி-ஐடிஎக்ஸ் மதர்போர்டு, ரைசன் 5 7600 பிராசசர், 32 ஜிபி டிடிஆர்5 ராம், ரேடியான் ஆர்எக்ஸ் 7600 கிராஃபிக்ஸ் கார்டு (8 ஜிபி), 2 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 450 வாட் எஸ்எஃப்எக்ஸ் எஸ்எம்பிஎஸ் (சிறிய அளவு பவர் சப்ளை), சுமார் 10 லிட்டர் கேபினெட். மின்கணக்கு எளிது: கார்டுக்கு 165 வாட், பிராசசர் உச்சத்தில் 88, மீதி எல்லாவற்றுக்கும் 40 என்று தாராளமாக வைத்தாலும் 300-ஐத் தொடவில்லை. 450 போதும். அதற்கு மேல் எஸ்எம்பிஎஸ்ஸில் போடும் பணத்தை எஸ்எஸ்டியில் போடலாம். மொத்தச் செலவில் பெரிய துண்டு கார்டுக்குப் போகிறது. கன்சோல் விற்பவர்கள் பெட்டியில் விட்டதைக் கேம் விற்பனையில் எடுத்துக்கொள்வார்கள். பிசிக்கு அந்தச் சலுகை கிடையாது, ஒவ்வொரு பாகத்துக்கும் முழு விலை. கன்சோலைவிட மலிவாக முடியும் என்று எதிர்பார்த்து இதில் இறங்க வேண்டாம்.

கேபினெட் வாங்குமுன் கார்டின் நீளம், தடிமன், கூலரின் உயரம் ஆகிய மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏஎம்டியின் சொந்த ஆர்எக்ஸ் 7600 கார்டு 204 மிமீ நீளம், இரண்டு ஸ்லாட். ஆனால் எட்டு-பின் பவர் கேபிள் வளைந்து திரும்ப இன்னும் 25 மிமீயாவது வேண்டும். இதைக் கேபினெட் விவரப் பட்டியல் சொல்லாது. கூலராக 37 மிமீ உயரமுள்ள நாக்டுவா என்எச்-எல்9ஏ-ஏஎம்5 போட்டது. பிராசசரை அப்படியே விட்டால் இவ்வளவு சிறிய கூலர் இரைகிறது. பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) 45 வாட் எகோ மோடுக்கு மாற்றியதும் சத்தம் அடங்கியது. டிவி ரெசல்யூஷனில் தடையாக நிற்பது கார்டுதான், பிராசசர் அல்ல என்பதால் கேமில் வித்தியாசம் தெரியவில்லை.

ஓஎஸ்ஸாக பாசைட். ஃபெடோரா லினக்ஸ் அடிப்படையில் வந்தது, பூட் ஆனதும் கையடக்க ஸ்டீம் டெக்கில் பார்க்கும் அதே கேம் மோடு. ஏஎம்டி கார்டு தேர்ந்தெடுத்ததே இதற்காகத்தான். அந்தக் கேம் மோடு ஏஎம்டியின் திறந்த மூல டிரைவரோடுதான் சிக்கலில்லாமல் ஓடுகிறது. செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்தால் முதல்முறை பூட் ஆகும்போது நீலத் திரை ஒன்று சாவியைப் பதிவு செய்யச் சொல்லும். கன்ட்ரோலர் அங்கே உதவாது, ஆகவே கீபோர்டை அதற்குள் எடுத்து வைத்துவிடாதீர்கள். வேலொரன்ட், ஃபோர்ட்நைட் போன்றவை லினக்ஸில் ஓடாது; ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விடாது. கேபிள் சோதனையில் அவை எப்படியும் தேறாதவை என்பதால் இங்கே இழப்பில்லை.

ஆன்டெனா, ஸ்லீப், டிவி

நெட்டுக்கு ஈதர்நெட் கேபிள்தானே என்று மதர்போர்டோடு வரும் இரண்டு வைஃபை ஆன்டெனாக்களை டப்பாவிலேயே விட்டுவிடுவது வழக்கம். ப்ளூடூத்தும் அதே ஆன்டெனா வழியாகத்தான் போகிறது. அவை இல்லாமல் இரும்புக் கேபினெட்டுக்குள் இருந்து வரும் சிக்னல் சோஃபா தூரத்தை எட்டுவதே பாடு. அறிகுறியும் ஏமாற்றும்: கன்ட்ரோலர் இணைந்துதான் இருக்கும், ஆனால் அழுத்திய பட்டன் விட்டதே தெரியாமல் பாத்திரம் சுவரை நோக்கி ஓடிக்கொண்டே இருக்கும். கேம் கோளாறு என்று தோன்றும். ஆன்டெனாவைத் திருகியதும் சரியானது.

கன்ட்ரோலரோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் யூஎஸ்பி டாங்கிளைப் பயன்படுத்துபவர்களுக்கு வேறொரு தொல்லை. யூஎஸ்பி 3 போர்ட்டில் வெளி எஸ்எஸ்டி வேலை செய்யும்போது அதே அலைவரிசையில் இரைச்சல் கிளம்பும், பக்கத்துப் போர்ட்டில் உள்ள டாங்கிள் தடுமாறும். ஒரு மீட்டர் யூஎஸ்பி 2 எக்ஸ்டென்ஷன் கேபிளில் டாங்கிளை முன்பக்கம் கொண்டுவந்தால் போதும்.

கன்ட்ரோலரால் எழுப்புவதற்கு மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். பயாஸில் 'ஈஆர்பி' என்ற மின்சிக்கன அமைப்பு அணைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்லீப்பில் யூஎஸ்பிக்கு மின்சாரமே போகாமல் இருக்கலாம். லினக்ஸ் பக்கம் அந்த டாங்கிளுக்கு எழுப்பும் அனுமதி பல சமயம் தானாக இருப்பதில்லை. பூட் ஆகும்போதே அதை இயக்கும் யூடெவ் (லினக்ஸில் சாதனங்களை நிர்வகிப்பது) விதி ஒன்று எழுத வேண்டும். மூன்றாவது, மவுஸுக்கு அதே அனுமதியைப் பறிக்க வேண்டும், இல்லாவிட்டால் யாராவது மேசையைத் தட்டினால்கூடப் பெட்டி எழுந்து உட்காரும். மதர்போர்டின் உள் ப்ளூடூத்தால் எழுப்ப முயன்றது பலிக்கவில்லை. ஸ்லீப்பில் அந்த கார்டுக்கு மின்சாரம் நின்றுவிடுகிறது. டாங்கிள் உள்ள கன்ட்ரோலரே நிம்மதி. டிவியும் கூடவே எரிய வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ வழியே டிவியை இயக்கும் சிஇசி வேண்டும், பிசி கார்டுகளில் அது பொதுவாகக் கிடையாது. பல்ஸ்-எய்ட்டின் யூஎஸ்பி-சிஇசி அடாப்டர் அதற்கென்றே உள்ளது. இந்தக் கட்டமைப்பில் அது இல்லை. ரிமோட்டை எடுத்து அழுத்திவிடலாம்.

டிவியில் 4கே 120 (நொடிக்கு 120 படம்) வராதது கேபிளின் குற்றமல்ல. திறந்த மூல டிரைவரில் எச்டிஎம்ஐ 2.1 சேர்க்க ஏஎம்டி கேட்டதை எச்டிஎம்ஐ மன்றம் மறுத்துவிட்ட செய்தி 2024 பிப்ரவரியில் வெளியானது. கார்டில் வசதி இருந்தும் இங்கே கிடைத்தது 2.0 அளவுதான்: முழு நிறத்தோடு 4கே 60. டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ 2.1-க்கு மாற்றும் 'ஆக்டிவ்' அடாப்டர் போட்டால் 120 வரும், ஆனால் விஆர்ஆர் (கேமின் வேகத்துக்கேற்ப டிவியின் வேகமும் மாறுவது) சரியாக வரும் என்று நம்ப முடியாது. 8 ஜிபி கார்டுக்கு 4கே 120 அதிகப்படி ஆசை. கேமை 1440பியில் வைத்து, கேம் மோடில் உள்ள எஃப்எஸ்ஆர் என்ற படம் பெரிதாக்கும் வசதியால் 4கே-க்கு நீட்டுவதே இங்கே நிலைத்தது.

டிஸ்குகள்

5.25 அங்குல டிரைவ் வைக்கும் இடம் இன்றைய சிறிய கேபினெட்டுகளில் இல்லை. யூஎஸ்பி டிவிடி டிரைவ்தான் வழி. அதை முன்பக்கப் போர்ட்டில் செருகி, டிஸ்க் சுழலத் தொடங்கும்போது தொடர்பு அறுந்து மறுபடி வருவதைப் பார்த்து டிரைவ் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். சுழற்சி தொடங்கும் கணத்தில் அது இழுக்கும் மின்சாரம் முன்பக்கப் போர்ட்டுக்குத் தாங்கவில்லை. மதர்போர்டின் பின்பக்கப் போர்ட்டில் நேரடியாகச் செருகியதும் நின்றது.

படிக்குமுன் டிஸ்கைப் பாருங்கள். பிஎஸ்1 டிஸ்கின் அடி கறுப்பு, எல்லாம் சிடி. பிஎஸ்2-இல் அடி நீலமாக இருந்தால் சிடி, வெள்ளியாக இருந்தால் டிவிடி. இந்த வேறுபாடு படிக்கும் முறையையே மாற்றுகிறது. துடைப்பது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி, வட்டமாக அல்ல. வட்டக் கீறல் தகவல் ஓடும் திசையிலேயே நீளமாக விழும், டிரைவின் பிழைதிருத்தத்தால் அதைச் சமாளிக்க முடியாது. சிடியில் தகவல் படலம் படம் அச்சடித்த பக்கத்தில், மெல்லிய வார்னிஷுக்கு அடியிலேயே இருக்கிறது. ஆகவே மேல்பக்கக் கீறல்தான் ஆபத்து, பாலிஷ் போட்டாலும் மீளாது. விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசித் துளைகளாக ஒளி வந்தால் படலம் உதிர்ந்திருக்கிறது. டிவிடியில் படலம் இரண்டு 0.6 மிமீ தகடுகளுக்கு நடுவே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

சிடி கேம்களை ஐஎஸ்ஓ என்ற நகல் கோப்பாக எடுப்பது முதல் பொறி. ஐஎஸ்ஓவில் ஒரு செக்டாருக்கு (டிஸ்கில் தகவலின் ஒரு சிறு துண்டு) 2048 பைட் மட்டுமே வரும்; பிஎஸ்1 சிடியில் செக்டார் 2352 பைட். விட்டுப்போவதில் வீடியோவும் குரலும் இருக்கும், தனி ஆடியோ ட்ராக்குகளாக உள்ள இசை அறவே வராது. கேம் தொடங்கும், மெனு வரும், அறிமுகக் காட்சியில் நின்றுவிடும். சிடி என்றால் பின்/க்யூ கோப்புகளாக, செக்டாரை முழுதாக எடுக்கும் ரா முறையில்தான் எடுக்க வேண்டும். சிடிஆர்டாவோ என்ற நிரல் அதைச் செய்யும், ஆனால் ஆடியோ ட்ராக்குகளின் பைட் வரிசையைத் தலைகீழாக எழுதும். கேம் ஓடும், இசை வரவேண்டிய இடத்தில் 'ஷ்ஷ்' என்று இரைச்சல் வரும். பைட்டுகளை இடம் மாற்றிக்கொள்ளலாம், அல்லது ட்ராக் ட்ராக்காகப் பிரித்துத் தரும் ரீடம்பர் நிரலைப் பயன்படுத்தலாம். இந்த அலமாரிக்கு இரண்டாவதே தோது.

வேகத்தை 8 மடங்காகக் கட்டுப்படுத்தினால் 80 நிமிட சிடிக்குப் பத்து நிமிடம் ஆகும். அவசரப்பட்டு 24-இல் ஓட்டினால் கீறல் உள்ள டிஸ்கில் மறுபடி மறுபடி பின்னால் போய்ப் படித்து அதைவிட நேரம் பிடிக்கிறது.

டிவிடி கேம்கள் சுலபம். பிஎஸ்2 டிவிடியைச் சாதாரண டிரைவே படிக்கும், ஐஎஸ்ஓ போதும். கீறல் இருந்தால் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரல்: செக்டார் அளவை 2048 என்று கொடுத்து, முதல் சுற்றில் சிக்கலான இடங்களைத் தாண்டிப்போக விடுங்கள், இரண்டாம் சுற்றில் விட்ட இடங்களை மட்டும் மூன்று முறை முயலச் சொல்லுங்கள். படித்த, விட்ட இடங்களை அது குறித்துவைக்கும் வரைபடக் கோப்பை அழிக்காதீர்கள். அது இருந்தால் அதே டிஸ்கை வேறொரு டிரைவில் போட்டு, மிச்சமுள்ள ஓட்டைகளை மட்டும் நிரப்பலாம். ஒரு டிரைவ் திணறும் செக்டாரை இன்னொன்று சர்வ சாதாரணமாகப் படித்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

எடுத்தது சரிதானா என்று ரீடம்ப் என்ற டிஸ்க் விவரத் தொகுப்பில் உள்ள ஹாஷோடு (கோப்பின் கைரேகை போன்ற எண்) ஒப்பிடுங்கள். டேட்டா ட்ராக் பொருந்தி ஆடியோ ட்ராக்குகள் மட்டும் பொருந்தாவிட்டால் டிஸ்க் பழுது என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு மாடல் டிரைவும் ஆடியோவைச் சில சாம்பிள்கள் முன்னோ பின்னோ தள்ளிப் படிக்கும். அந்த ஆஃப்செட்டைத் திருத்தினால் பொருந்தும். ஐரோப்பிய பிஎஸ்1 டிஸ்குகளில் லிப்கிரிப்ட் என்ற பூட்டு சிலவற்றில் உண்டு. அதன் சாவி சப்சேனலில் (செக்டாரோடு தனியே வரும் துணைத் தகவல்) இருக்கிறது, பின்/க்யூவில் வராது. ஹாஷ் பொருந்தியும் கேம் பாதியில் உறைந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். அந்தத் தகவலைத் தரும் எஸ்பிஐ கோப்பு கூடவே வேண்டும்.

சரிபார்த்தபின் சிஎச்டி என்ற கோப்பு வடிவமாகச் சுருக்கலாம். சிடிக்கு ஒரு கட்டளை, டிவிடிக்கு வேறு கட்டளை, மாற்றிக் கொடுக்காதீர்கள். சிஎச்டியிலிருந்து திரும்ப விரித்து, ஹாஷ் பழையபடி வருகிறதா என்று பார்த்த பிறகே மூலக் கோப்பை அழிக்க வேண்டும். இடம் பெரிய கவலை அல்ல. நூறு சிடி, நூறு ஒற்றை அடுக்கு டிவிடி, எதையும் சுருக்கவே இல்லை என்றாலும் 560 ஜிபிக்குள் அடங்கிவிடும்.

பழைய கன்சோல் போலவே பிசியில் இயங்கி அதன் கேம்களை ஓட்டும் எமுலேட்டருக்கு அந்தக் கன்சோலின் பயாஸ் (அதன் உள் மென்பொருள்) வேண்டும். பிஎஸ்1 பயாஸ் 512 கேபி, பிஎஸ்2 பயாஸ் 4 எம்பி. சொந்தக் கன்சோலிலிருந்து எடுக்க வேண்டியது. பிஎஸ்2-இல் ஃப்ரீ எம்சிபூட் (வெளி நிரல்களை ஓடவிடும் மென்பொருள்) ஏற்றிய மெமரி கார்டும் ஃபேட்32 பென் டிரைவும் இருந்தால் முடிந்துவிடும். சொந்த டிஸ்கைப் படியெடுப்பதற்கும் பூட்டை உடைப்பதற்கும் ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் வேறு. அதைப் பார்த்துக்கொண்டு தொடங்குங்கள்.

பிசி டிஸ்குகள்தான் மோசம்

25 வருடப் பழைய பிஎஸ்1 டிஸ்க் ஓடுகிறது, 15 வருடப் பழைய பிசி டிஸ்க் ஓடவில்லை. நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டுதான் காரணம். சேஃப்டிஸ்க் போட்ட கேம்களுக்கு வேண்டிய டிரைவரை விண்டோஸ் 10 ஏற்கவில்லை; 2015 செப்டம்பர் பாதுகாப்பு அப்டேட் அதை விண்டோஸ் 7, 8-லும் அணைத்தது. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைனிலும் அது பெரும்பாலும் எழுவதில்லை. செக்யூராம் போட்டவற்றில் சில நெட்டில் ஆக்டிவேட் ஆக வேண்டும், அந்தக் கதவு எப்போது மூடும் என்பது நம் கையில் இல்லை. 2004-இல் 'ஹாஃப்-லைஃப் 2' டிஸ்கே ஸ்டீம் கணக்கு இல்லாமல் திறக்கவில்லை. டிஸ்கில் வாங்கிக் கணக்கில் பூட்டும் பழக்கத்தைக் கன்சோல்களுக்கு முன்பே பிசிதான் தொடங்கிவைத்தது என்பதைப் பிசி ரசிகர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

இங்கே செய்தது: பூட்டில்லாத டிஸ்குகளை ஐஎஸ்ஓவாக எடுத்து லுட்ரிஸ் என்ற லினக்ஸ் கேம் மேலாளர் வழியே நிறுவியது, நிறுவனமே டிஸ்க் சோதனையை நீக்கி வெளியிட்ட பேட்ச் உள்ளவற்றுக்கு அதைப் போட்டது, மீதியைப் பூட்டில்லாமல் விற்கும் ஜிஓஜி கடையில் மறுபடி வாங்கியது. இரண்டாம் முறை பணம் கொடுப்பது எரிச்சல்தான், வேறு நேர்வழி கிடைக்கவில்லை. 90-களின் டிஸ்குகளில் நிறுவி 16-பிட்டாக இருந்தால் 64-பிட் விண்டோஸ் அதைத் தொடாது. 32-பிட் வைன் சூழலில் அது ஓடிவிடுகிறது, இந்த ஒரு விஷயத்தில் லினக்ஸ் பெட்டிக்கு மேல்கை.

ஜிஓஜியில் வாங்கியதும் அவர்கள் ஆப் வழியே நிறுவி முடித்துக்கொள்ள வேண்டாம். 'ஆஃப்லைன் நிறுவி' கோப்புகளைத் தனியே இறக்குங்கள். பெரிய கேம்கள் ஒரு நிறுவியும் பல துண்டுகளுமாக வரும். ஒரு துண்டு குறைந்தாலும் நிறுவல் பாதியில் நிற்கும். இறக்கியதும் எஸ்எச்ஏ-256 ஹாஷ் பட்டியல் ஒன்று எழுதி அதே ஃபோல்டரில் வையுங்கள். நிறுவி வைத்திருப்பது வேறு, நிறுவிப் பார்த்திருப்பது வேறு. ஒவ்வொன்றையும் ஒருமுறை நெட் இல்லாமல் நிறுவிப் பார்த்த பிறகே பட்டியலில் டிக் விழுந்தது.

கேபிளைப் பிடுங்கியது

ஸ்டீம் கேம்களில் முதல் சோதனையில் பல விழுந்தன. காரணம் கேம் அல்ல, விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் ப்ரோட்டானும் ஸ்டீம் லினக்ஸ் ரன்டைமும் அப்டேட்டுக்குக் காத்திருந்தன. கேபிள் இருக்கும்போதே எல்லா அப்டேட்டையும் முடித்து, ஒவ்வொரு கேமையும் ஒருமுறை திறந்து, மெயின் மெனு வரை போய், பிறகு ஆஃப்லைன் மோடுக்கு மாறினால் பெரும்பாலானவை ஓடுகின்றன. தன் சொந்த லாஞ்சரைத் திறக்கும் கேம்கள் அங்கேயே லாகின் கேட்டு நின்றன. அவற்றைச் சொந்தமானவை என்று கணக்கில் சேர்க்கவில்லை. டினூவோ என்ற பூட்டு உள்ள கேமில் கோளாறு வந்தால் ப்ரோட்டான் பதிப்புகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு பதிப்பையும் அது புதிய கணினியாக எண்ணி, வரம்பு தாண்டினால் 24 மணி நேரம் பூட்டிவிடும்.

ஸ்டீமில் வாங்கியதெல்லாம் பூட்டியது என்றும் எண்ண வேண்டாம். பூட்டு போடுவது வெளியிடுபவர் விருப்பம். ஸ்டீமை முழுதாக மூடிவிட்டு, ஃபோல்டரில் உள்ள கேம் கோப்பை லுட்ரிஸில் நேரே திறந்து பாருங்கள். ஓடினால் அந்த ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து வைக்கலாம்.

கேம்கள் உள்ள வெளி எஸ்எஸ்டியை விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டிலேயே விட்டால் ப்ரோட்டான் முரண்டு பிடிக்கும். 'சி:' என்று முக்காற்புள்ளி வரும் பெயர்களில் அது இணைப்புகளை உருவாக்குகிறது, என்டிஎஃப்எஸ் அந்தக் குறியை ஏற்பதில்லை. லினக்ஸின் எக்ஸ்ட்4-க்கு மாற்றி ஃபார்மட் செய்தால் தீரும்.

மிச்சமிருப்பது பிஎஸ்3 டிஸ்குகள். பிஎஸ்3 எமுலேட்டரான ஆர்பிசிஎஸ்3-க்காக அவற்றைப் படிக்க எல்லா ப்ளூ-ரே டிரைவும் ஆகாது. மீடியாடெக் சிப் உள்ள சில மாடல்கள்தான் படிக்கும், கூடவே அந்தந்த டிஸ்குக்குரிய சாவியும் வேண்டும். நின்டெண்டோவின் கேம்க்யூப், வீ டிஸ்குகளுக்கு டிரைவ் தேடுவதைவிட ஹோம்ப்ரூ (வெளி நிரல்களை ஓடவிடும் வசதி) போட்ட வீ கன்சோலில் க்ளீன்ரிப் என்ற நகலெடுப்பு நிரலை ஓட்டுவது சுலபம். மறுபடி கட்டினால் டிவிடி டிரைவை வாங்காமல், முதலிலேயே அந்த வகை ப்ளூ-ரே டிரைவை வாங்கிவிடுவேன். சிடி, டிவிடி, ப்ளூ-ரே மூன்றும் ஒன்றிலேயே முடியும். 2 டிபி ஒரே எஸ்எஸ்டிக்குப் பதிலாக ஓஎஸ்ஸுக்கு 500 ஜிபி, கேம்களுக்குத் தனியாக ஒன்று. ஓஎஸ்ஸை மாற்றிப் பார்க்கும் ஆசை வரும் ஒவ்வொரு முறையும் முழு நூலகத்தையும் நகர்த்த வேண்டியிராது. மதர்போர்டில் இரண்டு எம்.2 ஸ்லாட் இருக்கிறதா என்று வாங்குமுன் பாருங்கள். மினி-ஐடிஎக்ஸில் இரண்டாவது பெரும்பாலும் பலகையின் அடிப்பக்கம் இருக்கும், கேபினெட்டில் பொருத்திய பிறகு கை எட்டாது.